கிணற்று வளைவின் வெள்ளை மரம்

"மூச்சு விடுங்கப்பா" என்கிறாள். விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மைக்கில் என் மூச்சு கேட்கவில்லை என்றால் அடக்கி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம், அதை ஜெர்மனியில் ஒரு மாணவர் விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் என் மகள் அமுதினி எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறாள், கோயமுத்தூரில் இதே உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிவதில்லை, எனக்குத் தெரியாமல் இந்த உடம்பில் இன்னும் என்னென்ன நடக்கிறதோ. விடுகிறேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். "ஆங், இப்பதான் உயிரோட இருக்கீங்கன்னு தெரியுது." மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறேன், அதன் கடகடப்பு மைக்கில் விழுந்து அவள் காதைக் குடைகிறதாம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு சாத்திய அறை, மூன்று திரைகளும் கம்ப்யூட்டரும் கக்கும் சூடு, நெற்றியிலிருந்து இறங்கும் வேர்வை புருவத்தில் ஒரு கணம் யோசித்து நின்று இடது கண்ணுக்குள் விழுகிறது, எப்போதும் இடது கண்ணுக்குள்தான், ஏன் வலதுக்குள் விழுவதில்லை, இல்லை, விழுந்திருக்கும், கவனித்திருக்க மாட்டேன், வெள்ளிக்கிழமையிலிருந்து இடது கண்ணில் எது நடந்தாலும் அது எனக்குச் சேதியாகிவிட்டது. நாலாவது கியர். மூன்று. ஸ்டியரிங் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி கையை இழுக்கிறது, இழுக்கட்டும், விட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும், இழுக்கிற பக்கமே கொஞ்சம் போய், பிறகு மெல்ல நம் பக்கம் திருப்ப வேண்டும்.

இது நிஜ வண்டி இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு வேன் சீட்டை, பீளமேட்டில் வெல்டிங் வைத்த இரும்புச் சட்டத்தில் மாட்டி, முன்னால் ஒரு ஸ்டியரிங், கீழே மூன்று பெடல்கள், எதிரே மூன்று திரைகள். "பெட்ரோல் ஊத்தாத வண்டிக்கு இத்தனை வேர்வையாங்க" என்று பூங்கோதை கதவைத் திறந்து சொல்லிவிட்டுப் போனாள், அவள் என் மனைவி, இந்த அறைக்குள் நுழைந்தால் மட்டும் எனக்கு அம்மா மாதிரி ஆகிவிடுவாள். வண்டிதான் பொய், பந்தயம் பொய்யில்லை. இந்த நேரத்தில் உலகத்தில் எங்கெங்கோ அறைகளில் இப்படி உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேருக்கு ஒரு வண்டி, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காதில் பேசலாம். முதல் பாதி அமுதினி ஓட்டினாள், ஆறாவது இடத்தில் வண்டியை என் கையில் கொடுத்தாள். எட்டாவது இடத்துக்குள் முடித்தால் அடுத்த பருவத்துக்கு மேல் பிரிவு. இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் மேல் பிரிவு, போன தடவை ஒன்பதாவதாக வந்து, பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டு, மைக்கை அணைக்க மறந்துபோய் அழுதாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அம்மிணி மைக் ஆன்ல இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் பாதி அவள், கடைசி ஓட்டம் அப்பா. இது எங்களுக்குள் வழக்கம். கடைசியில்தான் எல்லாரும் பதறுவார்கள், அப்பா பதறமாட்டார், அப்பாவுக்கு ரத்தமே ஓடாது என்று அவள் தன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாளாம். ரத்தம் ஓடாமலா. கண் நரம்புக்கு ரத்தம் சரியாப் போகலை என்றுதானே டாக்டர் சொன்னார், இல்லை, அழுத்தம் என்றார், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பை அழுத்துது என்றார், ரத்தம் என்று நானாகச் சேர்த்துக்கொள்கிறேன், நான் எல்லாவற்றிலும் எதையாவது சேர்த்துக்கொள்கிறேன்.

மூக்குத்தி வருகிறது. சின்ன வலது வளைவு, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், மூக்குத்தி மாதிரி ஓரத்தில் ஒரு கல். இந்த ரோட்டின் வளைவுகளுக்கு ஜெர்மன் பெயர்கள் உண்டு, அவற்றை வாயில் வைத்து உருட்டுவதற்குள் வளைவே முடிந்துபோகும், அதனால் அமுதினி சின்னவளாக இருந்தபோதே எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்துவிட்டோம். ஜெர்மனியில் நிஜமாகவே இருக்கிற, காட்டுக்குள் மலையேறி இறங்கும் பழைய ரோடு, இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, தப்பு செய்தால் ஒதுங்க இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசு கட்டினால் யாரும் தங்கள் காரை அங்கே ஓட்டலாம். நாங்கள் அந்த நாட்டில் இருந்தபோது, எங்கள் பழைய குடும்பக் காரில், பின்சீட்டில் பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு வர, லாரி வேகத்தில் ஒரு சுற்று போவோம், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டுவார்கள். குழிவாக இறங்கி ஏறும் இடத்துக்கு இட்லிக்குண்டா. இரண்டு பாறைக்கு நடுவே ரோடு ஒடுங்கும் இடத்துக்குத் தொண்டை. அப்பால் என்ன வரும் என்று தெரியவே தெரியாத மேட்டுக்குச் சித்தப்பா மேடு, என் தம்பி அடுத்த நிமிடம் என்ன பேசுவான் என்று யாருக்கும் தெரியாது, அவன் போனில் கூப்பிட்டாலே சித்தப்பா மேடு வருது என்பாள் அமுதினி. அந்த மேடு தாண்டினால் கிணறு. இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே கீழே விழும் வளைவு. உள்ளே என்ன இருக்கிறது என்று விழுந்த பிறகுதான் தெரியும், அதனால் விழுவதற்கு முன்பே திருப்பிவிட வேண்டும், எங்கே திருப்புவது என்றால் இடது ஓரத்தில், தடுப்புக்குப் பின்னால், வெள்ளைப் பட்டை உரியும் ஒரு பிர்ச் மரம், தனி மரம், சுற்றிலும் கறுத்த ஊசியிலைக் காட்டுக்கு நடுவே திருநீறு பூசிய மாதிரி நிற்கும், அது கண்ணின் ஓரத்துக்கு வந்ததும் திருப்ப வேண்டும். நேராகப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அதன் மேலேயே போய்விடுவோம். பார்வை ரோட்டில், மரம் ஓரத்தில். இருபது வருடமாக எனக்கு அந்த மரம் அப்படித்தான் பழக்கம், பார்க்காமல் பார்த்து. இதோ மேடு. வண்டி லேசாக மிதக்கிறது. மரம். திருப்பு. கிணறு எங்களை விழுங்கி, வெளியே துப்புகிறது.

"சூப்பர்ப்பா. பின்னாடி அந்த வெள்ளிக் கலர்க் கார் கிட்ட வர்றான். பதறாதீங்க." பதறவில்லை. அவன் பெயர் டீட்டர் என்று திரையில் ஓடுகிறது, அவனும் ஒருவேளை யாருக்கோ அப்பா, அவன் மனைவியும் இப்போது பக்கத்து அறையில் எதையோ வதக்கிக்கொண்டிருக்கலாம். இங்கே வெங்காயம் வதங்குகிறது. கரண்டி கடாயின் விளிம்பில் தட்டுகிறது. வெள்ளிக்கிழமை நான் கண்ணாடி பவர் மாற்றத்தான் போனேன், கண்ணாடி மாற்றத்தான் என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டுப் போனேன், அது பொய்யில்லை, போகும்போது அது உண்மையாக இருந்தது. அங்கே இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. "சார், நடுப்புள்ளியையே பாருங்க, சுத்தி எங்கயாச்சும் லைட் மினுக்குனா கையில இருக்கற பட்டனை அழுத்துங்க" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு வந்தது, இதைத்தானே நான் வாரம் பூராவும் செய்கிறேன், பார்வை நடுவில், ஓரத்தில் மினுக்குவதற்குக் கை. மினுக், அழுத்து. மினுக், அழுத்து. கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது, எனக்கு எதற்கும் தாளம் வந்துவிடும், தாளம் தெரிந்துவிட்டால் அடுத்தது எப்போது என்று கைக்கே தெரியும், பந்தயத்தில் சிவப்பு விளக்கு அணைகிற கணத்தைப் பார்த்துவிட்டா கிளம்புகிறோம், பார்த்துவிட்டுக் கிளம்பினால் கடைசிதான், அணையப்போகிறது என்று தெரிந்து கிளம்ப வேண்டும். அழுத்து. அழுத்து. நன்றாகச் செய்திருக்கிறேன் என்றுதான் வெளியே வந்தேன், முதல் மார்க் வாங்கினவன் மாதிரி. டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "சார், நீங்க லைட் வராதப்பக் கூட அழுத்தியிருக்கீங்க. நிறைய தடவை. இதை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது." வராதபோதா. "வந்துதுங்களே." "வரலை சார். மெஷின் நடுநடுவுல சும்மா விட்டுப் பார்க்கும்." பிறகு கண்ணுக்குள் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அவ்வளவையும் மீறி இடது கண் நரம்பு தேஞ்சிருக்கு என்றார். வலதையும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை திரும்ப வாங்க, திரும்பச் செய்வோம், இந்தத் தடவை பார்த்தா மட்டும் அழுத்துங்க.

திங்கட்கிழமை என்றால் நாளை. தொண்டை வருகிறது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே. எனக்கு ஒன்றும் மறைக்கவில்லையே மேடம், கறுப்பா எதுவும் தெரியலையே என்றேன். கறுப்பா தெரிஞ்சா நல்லதுங்களே, ஆரம்பத்துலயே வந்திருப்பீங்க என்றார். "மூளை ஓட்டையை ஓட்டைன்னு காட்டாதுங்க சார். பக்கத்துல இருக்கறதை இழுத்து, தெரிஞ்சதைப் போட்டு மூடிரும். உங்களுக்கு முழுசா பார்க்கற மாதிரிதான் இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் தன் சேலையின் ஓரத்தில் ஏதோ ஒரு கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார், சாதாரணமாக, மாவு சலிக்கிற மாதிரி. போன மாதம் காரின் இடப்பக்கம் கீறல். "கேட்டுல ஒரசுனீங்களா" என்றாள் பூங்கோதை. ஸ்கூட்டரில் ஒரு பால்காரன் ஓரமாகப் புகுந்து கண்ணாடியை மடக்கிவிட்டுப் போனான், யோவ் கண்ணு தெரியலையா என்று கத்தினான், எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கத்துகிற கத்தல்தானே அது, அதற்கு என்ன அர்த்தம். ஜெர்மனியில் இருபது வருடம் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டினேன், இங்கே வலது பக்கம், அதனால் இடது பக்கத்துத் தூரம் இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னேன், எல்லாரும் ஆமாமா என்றார்கள், நானும் ஆமாமா என்றேன், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவனுக்கு எல்லாத் தடுமாற்றத்துக்கும் ஒரு காரணம் தயாராகக் கையில் இருக்கிறது, அதை எடுத்துப் போட்டு மூடிவிடலாம். என் அப்பா கடைசிக் காலத்தில் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். தினமும். பார்த்து வைங்க மாமா என்று பூங்கோதை அதட்டுவாள், அவர் சிரிப்பார். டம்ளரை இடது பக்கம்தான் வைப்போம். எல்லா வீட்டிலும் இடது பக்கம்தானே வைப்பார்கள். இது பரம்பரையா வர்றதுங்க, குழந்தைங்க இருந்தா ஒரு தடவை காட்டிக்கச் சொல்லுங்க என்றார் டாக்டர் அம்மா. ஒரு பொண்ணு இருக்குதுங்க. எங்க இருக்காங்க. எங்கே இருக்கிறாள், என் காதுக்குள் இருக்கிறாள். "இடது" என்கிறாள் காதுக்குள். "இடது... இன்னும் இடது... போயிட்டான்." டீட்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். அவன் எட்டிப் பார்த்ததை அவள் சொல்லி நான் அறிந்தேன். எத்தனை நாளாக அவள் சொல்லி நான் அறிந்துகொண்டிருக்கிறேன். சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டுமாம், பிரிட்ஜில் ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம். காலில் பிரேக்கை ஒரு மயிரிழை கூடுதலாக மிதித்துவிட்டேன். கதவு மூடுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. கறிவேப்பிலை எடுத்திருப்பாள்.

இந்தப் பொய் வண்டிக்கும் திரைக்குள் பெட்ரோல் தீரும், இன்னும் ஒரே ஒரு தடவைதான் எண்ணெய் போட ரோட்டோர நிறுத்தத்துக்குள் நிற்க வேண்டும். நின்று, போட்டுக்கொண்டு, நானே கிளம்பிக் கடைசி வரை ஓட்டுவதாகத் திட்டம். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காவது ஓட்டியாக வேண்டும் என்பது விதி, அதை நான் தாண்டிவிட்டேன், வேண்டுமென்றால் அந்த இடத்தில் வண்டியை அவளிடம் கொடுக்கலாம், கொடுத்தால் ஆள் மாறுகிற நேரம் கூடுதலாகப் போகும், ஓர் இடம் போகலாம், இரண்டு போகலாம், அதைவிட ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால். அதற்கு எந்தக் காரணத்தை எடுத்துப் போடுவது. முதுகு வலி. கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டர் தாங்காது, அது நல்ல காரணம், கோயமுத்தூர் கரண்டை யார் சந்தேகப்படுவார்கள். சித்தப்பா மேடு. மிதப்பு. மரம். திருப்பு. "அப்பா, கிணத்துல மட்டும் எப்படிப்பா இப்படித் திருப்புறீங்க? எனக்கு ஒவ்வொரு சுத்தும் தடுமாறுது. எதை வெச்சுத் திருப்புறீங்க?" கேட்கும்போதே கை லேசாகிறது, மகள் கேட்டால் எந்த அப்பனுக்கும் வருகிற சின்ன கர்வம். "எதை வெச்சா? நம்ம வெள்ளை மரத்தை வெச்சுத்தான். எப்பவும் போல." "எந்த வெள்ளை மரம்?" "எந்த மரம்னா? கிணத்துக்கு இடப்பக்கம் நிக்குதே, நம்ம மரம்." சிரிக்கிறாள். "அப்பா, வெளையாடாதீங்க. அதைத்தான் எடுத்துட்டாங்களே. நெசத்துலயே வெட்டியாச்சு, காத்துல சாஞ்சிருச்சுன்னு. புதுசா ரோட்டை அளந்து கேம்ல போட்டாங்கல்ல, அதுலயும் இல்ல. போன வாரமே உங்களுக்குப் போட்டோ அனுப்புனேன், நீங்க கட்டைவிரல் போட்டீங்க." போட்டேன். ஒரு அடிமரத்தின் படம், புல்லுக்கு நடுவே வெட்டுப்பட்ட வட்டம், ஏதோ மரம் என்று நினைத்துக் கட்டைவிரல் போட்டேன். "வயசாயிருச்சு லோகநாதன் சாருக்கு. இல்லாத மரத்தை வெச்சு எங்களைவிட நல்லா ஓட்டுறாரு."

நானும் சிரித்தேன். சிரித்த சத்தம் மைக்கில் போயிருக்கும். இட்லிக்குண்டா. இறங்கி ஏறு. இல்லாத மரம் என்றால் என்ன, நான் பார்த்தேனே, இந்தச் சுற்றில் பார்த்தேன், பட்டை உரிந்து பாதியில் கறுப்புக் கோடு ஓடும், போன சுற்றில் பார்த்தேன், நேற்றுப் பயிற்சியில் பார்த்தேன். வந்துதுங்களே. வரலை சார். அவள் தப்பாகச் சொல்கிறாள், வேறு வளைவைச் சொல்கிறாள், பிள்ளைகள் எதையாவது படித்துவிட்டு எதையாவது சொல்லும். மூக்குத்தி. இந்தச் சுற்றில் பார்த்துவிடலாம். நேராகப் பார்க்கக்கூடாது என்பது எனக்கு நானே வைத்த விதி, நானே மீறுகிறேன், என்ன கெட்டுப்போய்விடும், ஒரு கணம் தலையைத் திருப்பினால் போதும். நெஞ்சு அடிப்பது ஹெட்போனுக்குள் கேட்கிறது, கேட்பது அதுதானா, எஞ்சினா. தொண்டை. ஸ்டியரிங்கில் விரல்கள் வழுக்குகின்றன, வேட்டியில் துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுக்க வேண்டும், எடுக்க நேரமில்லை. மேட்டில் ஏறுகிறேன். மிதப்பு. தலையைத் திருப்பினேன். இரும்புத் தடுப்பு, கம்பி வலை, புல். புல்லுக்கு நடுவே வெளிறிய ஒரு வட்டம். அதற்குப் பின்னால் காடு கறுப்பாக, ஒரு இடைவெளிகூட இல்லாமல். ரோட்டுக்குப் பார்வையைக் கொண்டுவந்தேன், மரம் வந்து நின்றது. ஓரத்தில், வெள்ளையாக, அதன் இடத்தில், என்னைப் பார்க்காதே என்று சொல்கிற மாதிரி. திருப்ப மறந்துவிட்டேன். "அப்பா!" வலது சக்கரங்கள் புல்லில் ஏறின, பின்பக்கம் துடுப்புப் போட்டது, இழுக்கிற பக்கமே போய், மெல்ல, மெல்ல, தடுப்பு ஒரு கை தூரத்தில் நழுவிக்கொண்டே போக, ரோடு மறுபடி கிடைத்தது, திருப்பினேன். "இடது! இடது! இடது இருக்கான்பா, இடதுன்னு சொல்றேன்ல!" எனக்கு இடது பக்கம் ரோடு இருந்தது. காலியான, வெயில் விழுந்த, அழகான ரோடு. அந்த ரோட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளிக் கலர் மூக்கு முளைத்தது, பிறகு கதவு, பிறகு முழுக் கார், என் முன்னால் போய்விட்டது. உரசவில்லை. அவன்தான் ஒதுங்கினான். டீட்டர், எந்த ஊர்க்காரனோ, அவனுக்குக் கண் இருக்கிறது.

"பரவால்லப்பா. ஏழாவது. ஏழு போதும்." பரவாயில்லை என்கிறாள், அந்தப் பரவாயில்லை எனக்குத் தெரியும், மைக்கை அணைக்க மறந்த பரவாயில்லை. இந்தச் சுற்று முடிவில் எண்ணெய்க்கு உள்ளே வர வேண்டும். போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். தெரிந்த ரோடு. மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அது நிற்கும் இடம் எனக்குத் தெரிகிறது, அதை வைத்து ஓட்டலாம், இவ்வளவு நாள் ஓட்டினேனே, அவளே நல்லா ஓட்டுறீங்க என்றாளே, ரோடு மாறாதவரை நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ரோடு மாறாது. கார்கள்தான் மாறும். ஸ்கூட்டர்கள் மாறும். ஓரமாகப் புகுந்துவரும் பால்காரன், ரோட்டைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. அவிநாசி ரோட்டில் நான் இவ்வளவு நாள் எந்த ரோட்டை ஓட்டினேன், இருந்ததையா, நினைவில் இருந்ததையா. இங்கே வந்து இறங்கியதிலிருந்து ஊரையே அப்படித்தான் பார்க்கிறேனோ, இடித்துப்போட்ட தியேட்டர் எனக்கு இன்னும் அந்த முனையில் நிற்கிறது, பூங்கோதையின் முகத்தில் எத்தனை வருடத்துக்கு முந்தைய முகத்தை இழுத்துப் போட்டு மூடியிருக்கிறேன், அமுதினியை. அவள் முகத்தை வீடியோவில் எப்போது பார்த்தேன், பார்த்தேனா. ஒருவேளை அவளும் மெஷினில் முகத்தை வைத்தால் தாளம் பிடித்து அழுத்துவாள், என் மகள்தானே, எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி, முதல் மார்க் வாங்கினவள் மாதிரி வெளியே வருவாள். கிணற்றில் தடுமாறுகிறது என்றாளே. ஒவ்வொரு சுற்றும் தடுமாறுகிறது என்றாளே. இல்லை. அது வேறு. மரம் இல்லாததால் தடுமாறுகிறது. அவளுக்கு அது இல்லை என்று தெரிகிறது, தெரிகிறது, அதனால் தடுமாறுகிறாள். அப்படித்தான். அப்படித்தானா. இப்போதும் நான்தான் எதையோ போட்டு மூடுகிறேனா. உள்ளே வரும் பாதையின் வெள்ளைக்கோடு. வேகக் கட்டுப்பாட்டுப் பட்டனை அழுத்தினேன். வண்டி உறுமலை விழுங்கிக்கொண்டு நகர்கிறது.

"எண்ணெய் மட்டும்பா, டயர் வேண்டாம், நேரம் போயிரும்." நின்றுவிட்டேன். எண்ணெய் ஏறும் சத்தம். கோயமுத்தூர் கரண்ட் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். "அம்மிணி, வண்டியை நீ எடுத்துக்க." "என்னது?" "எடுத்துக்க." "கடைசி ஓட்டம் உங்களுதுப்பா. மரத்தைச் சொன்னதுக்குக் கோவமா? சும்மா கிண்டல் பண்ணுனேன்." "கோவமெல்லாம் இல்ல. எனக்கு இடப்பக்கம் தெரியறதில்ல." சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று இருந்தது. "தெரியறதில்லன்னா?" "கண்ணு. நரம்பு தேஞ்சிருச்சாம். அந்த மரம் எனக்கு இன்னமும் நிக்குதும்மா." ஜெர்மனில் ஒரு வார்த்தை சொன்னாள், சின்ன வயதில் சொல்லக்கூடாது என்று நான் உதட்டில் தட்டிய வார்த்தை. "எத்தனை நாளா?" "தெரியல. அதுதான் விஷயமே. தெரியலைங்கறதே தெரியல." எண்ணெய் நிரம்பிக்கொண்டிருந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது, எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. "அம்மாக்குத் தெரியுமா?" "இப்பத் தெரிஞ்சிருக்கும்." "அப்பா..." "இரு, முழுசாச் சொல்லிர்றேன். இது தாத்தாகிட்ட இருந்து எனக்கு வந்திருக்கும் போல, எங்கிட்ட இருந்து உனக்கும் வரலாமாம். நீயும் ஒருக்கா போய்க் காட்டிக்கோணும். மெஷின்ல லைட் வந்தா அழுத்தச் சொல்லுவாங்க. வந்தா மட்டும் அழுத்து. தாளம் போடாத." "என்ன தாளம்?" "அப்புறம் சொல்றேன்." "சரி, போறேன். போறேன்பா. இப்ப வண்டியை விடுங்க, நீங்க எறங்குனாத்தான நான் ஏற முடியும்." இறங்கும் பட்டன் ஸ்டியரிங்கின் வலது மேல் மூலையில். அழுத்தினேன். கையிலிருந்த இழுப்பு செத்துப்போனது, ஸ்டியரிங் வெறும் பிளாஸ்டிக் வட்டமாகக் கனமில்லாமல் சுற்றியது.

திரைகளில் வண்டி தானாகக் கிளம்புகிறது, அவள் ஓட்டுகிறாள், அவள் பார்ப்பதை நான் பார்க்கிறேன். எட்டாவது இடம். இன்னும் ஒன்று போனால் போச்சு. தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, திடுக்கிட்டுத் திரும்பினேன், பூங்கோதை எனக்கு இடது பக்கத்தில், சுவிட்சுக்கும் எனக்கும் நடுவில், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. கன்னத்தில் மஞ்சள் தீற்றியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது, அது எனக்குப் புதிதாக இருந்தது. "ஜாம் பாட்டிலுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா நான் பார்க்கமாட்டனாக்கும்" என்றாள், "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தனுங்க." ஹெட்போனில், "யாருப்பா ஃபேனைப் போட்டது?" "உங்கம்மா." "ம். ஓடட்டும்." மூக்குத்தியைத் தாண்டுகிறாள், கொஞ்சம் அகலமாக. பின்னால் இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. இனி காதில் பேச வேண்டியது நான், வழக்கப்படி ஓட்டாதவர்தான் பக்கவாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "அம்மிணி, நான் எப்படிச்..." "எனக்கு வலது மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காத குரலில், "இடது நான் பாத்துக்கறேன்." தொண்டைக்குள் நுழைந்தோம். பாறைக்கும் பாறைக்கும் நடுவே. சித்தப்பா மேட்டில் ஏறினோம், வண்டி மிதந்தது, ஓரத்தில் மரம் நின்றது, நிற்கட்டும், அவள் தடுமாறி, கொஞ்சம் தாமதமாக, மரம் இல்லாத ரோட்டில் திருப்பினாள். கிணற்றின் அடியில் விளக்குகள் எங்களை எட்டிவிட்டன. இப்போது வரும், வந்திருக்கும், விரல் தானாக அந்தச் செத்த பட்டனைத் தேடியது, பிடித்து நிறுத்தினேன். காத்திருந்தேன். வலது திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு மூக்கு, பிறகு சக்கரம்.

"வலது" என்றேன். பார்த்த பிறகு.